இறந்தவருக்குத் தெரியாதது

எங்கள் கல்லூரி நூலகத்தில் என் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் அக்காவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘சிவப்பு அட்டை’. ஆண்டுதோறும் நடக்கும் தலைவர்கள் விவாதத்தில், வெவ்வேறு காலத்து அரசர்களும் பிரதமர்களுமாக வேஷம் கட்டிக்கொண்டு ஒரே மேடையில் மோதுவார்கள். விதி ஒன்றுதான். தான் இறந்த பிறகு வந்ததைப் பற்றி எந்தத் தலைவரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் நடுவராக இருக்கும் அக்கா சிவப்பு அட்டையைத் தூக்குவார். பத்து வருஷத்தில் ஒருவரையும் அவர் தப்பவிட்டதில்லை.

இந்த வருஷம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நர்ஸ் படிப்பை முடித்த மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருந்தது. விவாதம் நடந்த அன்றே மாலை ஆறு மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். மேடையில் பழங்காலப் பேரரசர் ஒருவர் ரயில் பாதை போட்டதாக அளந்துகொண்டிருக்க, அக்கா கைபேசியைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. முழங்கையால் இடித்தேன். அட்டை எழுந்தது, ஆனால் அவர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

விவாதம் முடிந்ததும் என்னையும் வீட்டுக்கு இழுத்துப் போனார். பஸ்ஸில் உட்காரவும் இல்லை, சரியாக நிற்கவும் இல்லை.

மகள் கணினியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். குளிர், தனிமை, மொழி என்று அக்கா அடுக்கினார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கடைசியில் அக்கா வழக்கமான ஆயுதத்தை எடுத்தார். மகள் ஸ்கூட்டர் கேட்டபோதும் விடுதியில் தங்கிப் படிக்கக் கேட்டபோதும் எடுத்த அதே ஆயுதம்.

“உங்கப்பா இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கவே மாட்டாரு.”

மகள் எழுந்து போய், அம்மாவின் கைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

“அப்பா போனப்ப எனக்குப் பத்து வயசும்மா. இந்த வேலையைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீ என்ன நினைக்கிற, அதைச் சொல்லு.”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அக்கா அட்டையையே பார்த்தார். எழுந்தார், ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார்.

“எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு.”

மகள் அட்டையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி ஐந்து ஐம்பது ஆனபோது அக்காதான் கணினியை மகள் பக்கம் தள்ளினார்.

“நேரமாகுது. வேலைக்கு வர்றேன்னு எழுது.”

சொல்லிவிட்டு அழுதார். பிடித்த கையை மட்டும் விடவில்லை. மகள் ஒற்றைக் கையால் பதிலைத் தட்டச்சு செய்தாள்.