கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கஞ்சி

சங்கராபுரம் கடைத்தெருவில் பச்சையம்மாள் ஒரு கத்து கத்தினால், அது கல்வராயன் மலையில் முட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பி வரும். சரி, சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். கடைத்தெரு முனை வரைக்கும் கேட்கும், அதில் பொய்யில்லை.

அப்படி அவள் கத்தியது, கரும்பை அழித்துவிட்டு முதல்முதலாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட வருஷம். உரக்கடையில் வேலை பார்த்த அவள் தம்பி அன்புச்செல்வன், கரித்தூள்போல ஒரு பொட்டலம் கொடுத்தான். "ரைசோபியம்க்கா. போட்டா வேருல நெறைய முடிச்சு புடிச்சி செடி செழிக்கும். கஞ்சியில கலந்து வெதையில பொரட்டி வெதை" என்றான்.

கஞ்சி விஷயத்தில் பச்சையம்மாளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் கஞ்சி போட்ட வேட்டி ஆள் இல்லாமலே எழுந்து நிற்கும். ஆறின கஞ்சி துணியில் பிடிக்காது. விதையில் மட்டும் பிடித்துவிடுமா? அடுப்பிலிருந்து இறக்கின கஞ்சியை, ஆவி பறக்கப் பறக்கப் பொட்டலத்தூளில் ஊற்றிக் கலக்கினாள். கை பொறுக்கும் பதம் வந்தபிறகு விதையில் புரட்டினாள்.

செடி முளைத்தது, ஆனால் மஞ்சளடித்துச் சவலையாக நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் பேருக்கு ஒன்றிரண்டு முடிச்சு. நேரே கடைக்குப் போனாள்.

"இன்னாடா குடுத்த? அடுப்புச் சாம்பலா? கொதிக்கக் கொதிக்க கஞ்சி ஊத்திக் கலந்தேன்டா, ஒரு கொறை வெக்கல! கூடப் பொறந்தவளயே ஏமாத்தறியே!"

அன்புச்செல்வன் வாயைத் திறந்தான். எங்கோ பார்த்தான். மூடிக்கொண்டான். அதுவே போதுமான சாட்சி என்று அவள் வந்துவிட்டாள்.

முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்தினார். திருப்பூருக்குப் போனவன், அக்கா மகள் தமிழ்மொழியின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீரோடு வரவில்லை. அப்பா மாயவன் பார்க்கும்போதெல்லாம், "தம்பிகிட்ட பேசினியாம்மா?" என்பார். "அவன் பேசட்டும்" என்பாள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். சாவுக்கு வந்த தம்பி, அக்கா கையால் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினான்.

தமிழ்மொழி இப்போது கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கிறாள். போன வாரம் அம்மாவோடு மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தவள், ஒரு வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பு.

"இதுக்குள்ள பூரா ரைசோபியம்னு ஒரு பாக்டீரியாம்மா. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு செல்லு. வெளிய கெட்டியா ஒரு சுவரு. உள்ள மெல்லிசா ஒரு ஜவ்வு. எது உள்ள வரணும், எது வெளிய போவணும்னு அதான் பாத்துக்கும். நம்ம செல்லு மாதிரி உட்கரு கெடையாது. டிஎன்ஏ சும்மா சுருண்டு கெடக்கும். வாலு வேற இருக்கு. அத சுத்திக்கினே வேரண்ட நீந்திப் போவும்."

"கண்ணுக்கே தெரியாததுக்கு வாலு ஒரு கேடா!"

"சிரிக்காதம்மா. காத்துல இருக்கற நைட்ரஜன இதான் செடிக்கு சத்தா மாத்திக் குடுக்குது. ஆனா சூடு ஆவாது. வேற சில பாக்டீரியா தன்னச் சுத்தி ஓடு கட்டிக்கினு சூட்டத் தாங்கும். இதுக்கு அது தெரியாது. கொதி பட்டா ஜவ்வு பிஞ்சி, உள்ள இருக்கறது முட்டை வெள்ளக்கரு மாதிரி வெந்து பூடும்."

பச்சையம்மாளின் கை நின்றது.

"கொதிக்கற கஞ்சி பட்டா?"

"கஞ்சின்னா இன்னா, தண்ணின்னா இன்னா? சூடு சூடுதானே."

தம்பி கொடுத்தது சாம்பல் இல்லை. உயிர். அதை அகப்பையால் கிளறிக் கிளறி வேகவைத்தது அவள் கை. மடியிலிருந்த காயெல்லாம் கொட்ட எழுந்தாள். மாமனுக்குப் போன் போடச் சொன்னாள். தமிழ்மொழி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அன்பு... கஞ்சிய நான்தான்டா சூடா ஊத்திட்டேன்." கடைத்தெரு முனை வரை கேட்கும் குரல், பக்கத்திலிருந்த மகளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

தையல் மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவே அவன் சொன்னான்: "தெரியும்க்கா. கொதிக்கக் கொதிக்கன்னு நீ கத்தனப்பவே தெரிஞ்சிடுச்சி. என்னிக்காவது நீயே கேப்பன்னு இருந்தேன்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடா? அங்க ஒன் மொதலாளி ஒருத்தர்தான இருந்தாரு?"

"இல்லக்கா. அப்பாவும் இருந்தாரு. வெதை வாங்க வந்தவரு, ஒனக்குப் பின்னால மூட்டையண்ட நின்னுகினு இருந்தாரு. நான் வாயத் தொறக்கவும், வேணாம்னு கையாட்டினாரு. கடைத்தெருவுல நீ தலகுனியக் கூடாதுன்னு."