தூளியில் மறந்துவிட்ட குழந்தை

எனக்கு நல்ல கையெழுத்து. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, புகாராகச் சொல்கிறேன். ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த வரிசையில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றாலும், கல்யாணப் பத்திரிகை உறைமேல் விலாசம் எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதுக்குள் அந்த வரிசையில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் நான்தான் விலாசம் எழுதியிருந்தேன். ஒரு கல்யாணத்திலாவது முதல் பந்தியில் உட்கார வைத்தார்களா என்றால் இல்லை.

அறுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடந்தது. மாதத்துக்கு ஓர் இதழ், ஒரே ஒரு பிரதி. ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று வரிசையாகச் சுற்றி வரும். கடைசியில் நாலு பக்கம் வெறுமையாக விட்டிருப்போம், படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதுவதற்கு. பாதிப் பேர் அதில் கதையைப் பற்றி எழுத மாட்டார்கள். முந்தின வீட்டில் எண்ணெய்க் கையோடு பக்கத்தைப் புரட்டியதைப் பற்றி எழுதுவார்கள்.

ஆசிரியர் எங்கள் எதிர்வீட்டுக்காரர், தொழிற்சாலையில் தலைமை குமாஸ்தா. படம் வரைவதற்கு ஒருவர், துணுக்கு சேகரிக்க ஒருவர் என்று அவரவருக்கு ஒரு வேலை. வந்ததையெல்லாம் அழகாகப் பிரதி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அடித்தல் திருத்தல் கூடாது. ஓர் எழுத்து பிசகினாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

ஒருமுறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆசிரியரிடம், "நானும் ஒரு கதை எழுதட்டுமா சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "உனக்குக் கடவுள் கையெழுத்தைக் குடுத்திருக்கார்மா. அது போதாதா?" என்றார். கடவுள் கொடுத்த கையால் அவர் முகத்தில் மையைக் கொட்டியிருக்கலாம். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

அந்த வருஷம்தான் தொடர்கதை ஆரம்பமானது. மூன்று பேர் சேர்ந்து எழுதுவது, ஏழு மாதத்தில் ஏழு அத்தியாயம். ஒருவர் எழுதிய இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும், முன்கூட்டிக் கலந்து பேசக்கூடாது, ஆரம்பித்தவரே முடிக்க வேண்டும். மாதம் இருபதாம் தேதி கெடு. கெடு தப்பினால் அந்த மாதம் கதை கிடையாது என்று ஆசிரியர் அறிவித்துவிட்டார். ஆள் தப்பினால் எனக்கு இடம் கிடைக்குமோ என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். மாங்காட்டு அம்மனிடம் போய், மூன்று பேரில் யாராவது ஒருத்தருக்குச் சின்னதாக ஒரு காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெரிதாக வேண்டாம், எழுத முடியாத அளவுக்கு வந்தால் போதும். ஆறு மாதம் மூன்று பேரும் கல்லுக் குண்டுபோல் இருந்தார்கள்.

கதையை ஆரம்பித்தவர் ஒரு ஃபிட்டர். கள்ளிக்குப்பத்துக்காரர், உள்ளூர் ஆள். அப்பாவும் அவரும் தொழிற்சாலையில் ஒரே ஷாப்பில் வேலை, ஒரே பட்டறை. அவர் எழுதியதை அப்பாதான் டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவார். தாளில் பாதி சாம்பார் வாசனை அடிக்கும். எழுத்துப் பிழை ஏராளம், ஆனால் ஆட்கள் உயிரோடு நடமாடுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஒரு வாலிபன். கொரட்டூர் ஸ்டேஷனில் பார்த்த ஒரு பெண்மேல் அவனுக்கு ஆசை. நொண்டிக் கால் நண்பன் ஒருவன் அவனை டீக்கடையில் பார்த்து, "இன்னா மச்சான், மூஞ்சி தொங்கிகினு கீது?" என்று கேட்பதோடு கதை ஆரம்பம்.

அந்த ஒரு வார்த்தையில் கதை நாசமாய்ப் போனது.

இரண்டாம் அத்தியாயம் எழுதியவர் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நண்பன் 'மச்சான்' என்று கூப்பிடுகிறானே, அப்படியானால் நண்பனின் தங்கையைத்தானே இவன் கட்டியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். கதாநாயகனுக்கு ஒரு மனைவியை உண்டாக்கினார். அவளுக்கு ஒரு கைக்குழந்தை. அவள் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு கண்ணீர் விடுகிறாள். கட்டிய மனைவி வீட்டில் இருக்க, கொரட்டூர் ஸ்டேஷனில் இவனுக்கு என்ன வேலை என்று இரண்டு பக்கத்துக்கு உபதேசம் வேறு.

பிரதி எடுக்கும்போதே எனக்குத் தலை சுற்றியது. அவரைத் தெருவில் பார்த்துக் கேட்டேன்.

"ஒருத்தன மச்சான்னு கூப்புட்டா தங்கச்சியக் கெட்டியிருக்கான்னுதானம்மா அர்த்தம்? பெறகு என்ன அர்த்தம்?" என்றார்.

"இங்க எல்லாரும் எல்லாரையும் மச்சான்னுதான் கூப்பிடுவாங்க."

"அப்பம் எல்லாரும் எல்லாரு தங்கச்சியையும் கெட்டியிருக்காவளா?" என்றார், நிஜமாகவே கவலைப்பட்டு.

மூன்றாம் அத்தியாயம் ஆசிரியருடையது. அவருக்கு அசிங்கம் பிடிக்காது. மனைவியை ராமேசுவரத்துக்கு யாத்திரை அனுப்பிவிட்டார். நண்பனின் நொண்டிக் காலையும் இடதிலிருந்து வலதுக்கு மாற்றிவிட்டார். நான் யாரிடமும் சொல்லாமல் இடதுக்கே திருப்பினேன். அப்புறம் எனக்கென்று ஒரு பழைய நோட்டில் எல்லாவற்றையும் குறித்துவைக்க ஆரம்பித்தேன், யாருக்கு எந்தக் கால், யார் வீடு எந்தப் பக்கம், யார் கையில் என்ன இருந்தது என்று. இவர்கள் மூன்று பேரும் முந்தின அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் தவிர எதையும் ஒழுங்காகப் படிக்கவில்லை என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

நாலாம் அத்தியாயத்தைக் கொடுக்க ஃபிட்டரே சைக்கிளில் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பாரு தங்கச்சி, என் ஆளுக்கு என்னியே கேக்காம கண்ணாலம் பண்ணி வெச்சிட்டாரு அந்த மன்ஷன். நான் இன்னா பண்ணட்டும்? அந்தப் பொம்பளைய ஏரில தள்ளிட்டேன்."

நிஜமாகவே தள்ளியிருந்தார். மனைவி யாத்திரையிலிருந்து திரும்பும் வழியில் கொரட்டூர் ஏரியில் விழுந்து செத்துப் போகிறாள். ராமேசுவரம் கடலில் முழுகியும் பிழைத்தவள் இங்கே ஏரியில் போனாள். ஐந்தாம் அத்தியாயத்தில் திருநெல்வேலிக்காரர் அவளை வலை போட்டுத் தூக்கிப் பிழைக்க வைத்தார், ஞாபகம் மட்டும் போய்விட்டது. ஆறாம் அத்தியாயத்தில் ஆசிரியர், கொரட்டூர்ப் பெண்ணுக்குத் தாலி கட்டப் போகும் நேரத்தில் மனைவி ஞாபகம் திரும்பிக் கல்யாண மண்டப வாசலில் வந்து நிற்பதாக எழுதி, 'முடிவு அடுத்த இதழில்' என்று முடித்தார். ஒருவர் முடிச்சை இன்னொருவர் அவிழ்ப்பார் என்ற நம்பிக்கையில் மூன்று பேரும் முடிச்சு போட்டுக்கொண்டே போனார்கள்.

என் நோட்டைப் புரட்டினேன். தூளியில் போட்ட குழந்தை அப்படியே கிடந்தது. அம்மா யாத்திரை போனாள், ஏரியில் விழுந்தாள், பிழைத்தாள், திரும்பி வந்தாள். நாலு அத்தியாயமாக அந்தக் குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை. மூன்று ஆண்பிள்ளைகளுக்கும் அது ஞாபகமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. அந்தத் தூளி என் மனசிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

ஏழாம் மாதம் இருபதாம் தேதி, தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் அப்பா வந்தார். டிபன் பையில் டிபன் பாக்ஸ் மட்டும்தான் இருந்தது, ஃபிட்டரின் அத்தியாயம் இல்லை.

"அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம். பத்து நாள் லீவு போட்டுட்டான்" என்றார் அப்பா.

அம்மன் காய்ச்சலுக்குப் பதில் குழந்தையை அனுப்பியிருந்தாள். ஆசிரியரிடம் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு வரி அறிவிப்போடு முடிந்திருக்கும். கதைக்கு ஒதுக்கிய எட்டுப் பக்கம் எனக்கு முன்னால் காலியாகக் கிடந்தது. போய்ச் சொல்லவில்லை.

இரண்டு நாளில் எழுதினேன். கல்யாண மண்டபத்தில் மேளம் நிற்கிறது. மனைவி ஒரு பக்கம் அழுகிறாள், மணப்பெண் ஒரு பக்கம் அழுகிறாள், கதாநாயகன் மாலையும் கழுத்துமாக நடுவில் நிற்கிறான். அப்போது நொண்டி நண்பன் இடது காலை இழுத்துக்கொண்டு உள்ளே வருகிறான். இடுப்பில் குழந்தை. அழுக்குச் சட்டை, மூக்கு ஒழுகல், நன்றாகக் கொழுத்த குழந்தை. "நீங்க மூணு பேரும் அய்வுங்க. நாலு மாசமா இத்துக்குப் பாலு ஊத்துனது யாருன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" என்கிறான். மணப்பெண்தான் முதலில் எழுந்து வந்து குழந்தையை வாங்குகிறாள், மூக்கைத் துடைக்கிறாள், தாயிடம் கொடுக்கிறாள். இரண்டு பெண்களும் குழந்தையோடு கொரட்டூர் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் ஏறுகிறார்கள். எங்கே போனார்கள் என்று நான் எழுதவில்லை. அது அவர்கள் பாடு. மண்டபம் காலியானதும் நண்பன் கதாநாயகன் தோளில் கையைப் போட்டு, "இன்னா மச்சான், மூஞ்சி தொங்கிகினு கீது?" என்று கேட்கிறான். முற்றும்.

எழுதி முடித்த பிறகுதான் நான் செய்த முட்டாள்தனம் தெரிந்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று உள்ளடக்கப் பக்கத்தை முதல் வாரமே எழுதி வைத்திருந்தேன். ஏழாம் அத்தியாயத்துக்கு நேராக, முத்து முத்தாக, என் கையாலேயே ஃபிட்டரின் பெயர். அந்தப் பக்கத்தின் பின்புறம் ஆசிரியரின் தலையங்கம். அடிக்கவும் கூடாது, கிழித்து எழுத நேரமும் இல்லை. ஆசிரியர் கோணி ஊசியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார், இதழைத் தைப்பதற்கு. கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் ஒரு பாட்டம் சிலாகித்தார். "உங்க ஷாப்புப் பையன் பிரமாதம் பண்ணிட்டான் சார். அந்தக் குழந்தையை எல்லாரும் மறந்துட்டோம், அவன் மறக்கலே பாருங்க." ஃபிட்டரே சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்து அப்பா தலையாட்டினார். ஆசிரியர் என் பக்கம் திரும்பி, "உன் கையெழுத்தும் இந்தத் தடவை ரொம்ப ஜோர்மா" என்றார். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். சர்க்கரை போடாமல் கொடுத்தேன்.

இதழ் சுற்றி வந்தது. அபிப்பிராயப் பக்கத்தில் முதல் தடவையாக எண்ணெய்க் கறையைப் பற்றி யாரும் எழுதவில்லை. கடைசி அத்தியாயம் ஒன்றுதான் தேறியது என்று ஒருவர். படித்துவிட்டு வீட்டில் அழுதார்கள் என்று ஒருவர். எல்லாப் பாராட்டும் கள்ளிக்குப்பத்துக்குப் போயிற்று. ஒரு வரியைக்கூட நான் விட்டுவைக்கவில்லை, பத்துத் தடவை படித்தேன்.

ஃபிட்டர் குவார்ட்டர்ஸுக்கு வெளியே இருந்ததால் அவர் முறை கடைசி. அவரிடமிருந்து இதழ் திரும்பி அப்பா கைக்கு வந்து, என்னிடம் வந்தது. கடைசிப் பக்கத்தில் கோணல் மாணலாக நாலு வரி:

'இத்த நான் எய்தல. ஊட்டுல கொயந்த பொறந்துச்சு, எய்த முடில. எய்துனது எவன்னு தெர்ல. ஆனா சோக்கா எய்திகீற மச்சான்.'

எவன் என்று எழுதியிருந்தார். ஒரு பெண் எழுதியிருப்பாள் என்று அவருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் அந்த மனிதருக்கு எத்தனை நேர்மை. வந்த பாராட்டையெல்லாம் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பேனாவை எடுத்து அதற்குக் கீழே, அந்தக் குவார்ட்டர்ஸ் முழுக்க அடையாளம் தெரிந்த என் கையெழுத்தில், 'நன்றி, மச்சான்' என்று எழுதி, இதழை ஆசிரியர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருநெல்வேலிக்காரர் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"அண்ணாச்சி, கோவப்படாதிய. புள்ள என்ன எழுதியிருக்குன்னு நீங்களே பாருங்க. கள்ளிக்குப்பத்தான மச்சான்னு எழுதியிருக்கு. அவனுக்குப் பெஞ்சாதி இருக்கா. இப்பம் புள்ளயும் பொறந்திருக்கு" என்றார், மெதுவாக, அக்கம்பக்கம் பார்த்து.

ஏழு மாதம் அவ்வளவு பட்டும் அவருக்கு அந்த வார்த்தை பிடிபடவில்லை. இப்போது எனக்கும் ஒரு சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இது உன் கையெழுத்துதானே?" என்றார். எத்தனையோ பேர் முன்னால் பெருமையாகச் சொன்ன அதே வாக்கியம்தான். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது.

"கையெழுத்து மட்டும் இல்லப்பா. அந்த ஏழாவது அத்தியாயமும் என்னுதுதான். அந்தக் குழந்தையை மூணு பேரும் விட்டுட்டாங்க, நான் எழுதினேன்."

அப்பா பக்கத்தைத் திருப்பி ஏழாம் அத்தியாயத்தை எடுத்து, நின்றபடியே முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். திருநெல்வேலிக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு எதுவோ மெல்லப் புரிந்துகொண்டு வந்தது.

"தூளியில அந்தப் புள்ளயப் போட்டது நாந்தாம்மா. சுத்தமா மறந்து போச்சு" என்றார். "அப்பம் அதத் தூக்குனது நீதானா?"

"நான்தான்" என்றேன்.