கரண்ட் தின்னாத பிரிட்ஜ்

தில்லையடியில் எங்கள் பக்கத்து வீட்டுச் சாச்சியின் முன்னறையில் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி நின்றது. அதன் வயர் அறுந்து நெடுங்காலம். ஆனால் கதவு மட்டும் இறுகச் சாத்தும். உப்புநீர்க் களப்பிலிருந்து வரும் காற்றின் ஈரமும் எலியும் அண்டாதென்று, மகளின் பாடப்புத்தகங்களையும் வீட்டுப் பத்திரங்களையும் சாச்சி அதற்குள்தான் அடுக்கியிருந்தார். பட்டம் பெற்ற கையோடு, வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் நலன்புரிக் கொடுப்பனவுக்கான தற்காலிகக் கணக்கெடுப்பாளனாக, படிவத்துடன் நான் அவ்வீட்டுக்குள் நுழைந்த காலையில், "இது கரண்ட் தின்னாத பிரிட்ஜ் மகன், புத்தகம் மட்டும்தான் தின்னும்" என்று சிரித்தார்.

படிவம் சிரிக்கவில்லை. பெட்டி உண்டா, இல்லையா என்றே அது கேட்டது. இயங்குகிறதா என்று கேட்க அதை வரைந்தவர்களுக்குத் தோன்றவில்லை. 'உண்டு' என்பதற்கு நேரே சரி போட்டேன். அடுத்த கேள்வி, விட்டுப்போன கணவர் பிள்ளைக்குத் தர வேண்டிய தாபரிப்புப் பணம் பற்றியது. காதி நீதிமன்றத் தீர்ப்புத் தாளை அதே பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். "கிடைக்குதா சாச்சி?" என்றேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் அருகில் நின்றாள். பிள்ளை கேட்க வாப்பாவைக் குறை சொல்வது சாச்சியின் வழக்கமன்று. "ஓம், தருவார்" என்றார். தராததை ஊரே அறியும், நானும் அறிவேன். ஆயினும் தீர்ப்பிலிருந்த தொகையை வருமானமென்று எழுதினேன். காகிதத்தில் உள்ளதை எழுதுவதே நேர்மை என்று அன்று நம்பினேன்.

பிரிட்ஜும் தாபரிப்பும் உள்ள வீடென்று கொடுப்பனவு மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்காக நானே அவரைப் பிரதேச செயலக அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். உத்தியோகத்தர் தாளைப் புரட்டி, "உழைக்கக்கூடிய ஆள்தானே நீங்க? வேலைக்குப் போங்க" என்றார். உப்பளத்தில் வெடித்த பாதங்களோடு நின்றவரிடம் சொன்ன சொல் அது!

"போறன்தான் சேர். மழைக்குள்ள உப்பு விளையுமா? அதச் சொல்லித் தாங்களேன்" என்றார் சாச்சி.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தீர்ப்பை நிறைவேற்று என்று அந்தத் தகப்பனிடம் சொல்ல அங்கே ஒரு மேசையும் இல்லை. பிள்ளையைச் சுமப்பவரை விசாரிக்க மட்டும் மேசைகள் வரிசையாக இருந்தன.

அடுத்த மழைக்காலத்தில், பரீட்சை எழுதாமலே, மகள் இறால் பதனிடும் தொழிற்சாலைக்குப் போனாள்.

இன்று நான் அதே அலுவலகத்தில் நிரந்தர உத்தியோகத்தர். சென்ற வாரம் சாச்சியைப் பார்க்கப் போனேன். "ஐஸ் தண்ணி தரட்டா மகன்? பிரிட்ஜ் இருக்குதானே, நீங்கதானே எழுதினீங்க" என்றார். இம்முறை அவர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து காட்டினார். புத்தகங்கள் இருந்த தட்டில் மகளின் ரப்பர் கையுறைகள் கிடந்தன. நாள் முழுதும் ஐஸுக்குள் இறால் உரித்து, அருகில் வந்து நின்ற அவளுடைய விரல்கள் வீங்கியிருந்தன.

அந்தப் பெட்டி இன்றும் இயங்கவில்லை. நான் போட்ட சரி மட்டும் இயங்கிக்கொண்டிருக்கிறது.