ரீஸ்டார்ட் சாரும் மூன்று கண்ணாடிகளும்

எங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் ரீஸ்டார்ட் சார்தான். பிரின்டர் தாளைத் தின்றாலும் சரி, மவுஸ் செத்தாலும் சரி, "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பார். ஒருமுறை சாப்பாட்டுப் பை கொடுக்க வந்த அவர் மனைவி என்னிடம் புலம்பினார்.

"வீட்டுலயும் இதேதாங்க. மிக்சி ஓடலன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாரு. என்கூட சண்டைன்னா போர்வையை இழுத்துப் போத்திட்டுப் படுத்துருவாரு. எந்திரிச்சா எல்லாம் சரியாயிடுமாம்."

அவருடைய இன்னொரு சட்டம், திரையில் எந்த மெசேஜ் வந்தாலும் படிக்கக்கூடாது என்பது. மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட வேண்டும். "படிச்சா பயம் வரும். பயம் வந்தா என்னைக் கூப்பிடுவீங்க" என்று காரணமும் சொல்வார். அலுவலகத்தில் பதினோரு பேர், எல்லோரும் பட்டதாரிகள். பதினோரு பேரும் படிக்காமலே மூடினோம்.

கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். நான் கடிதங்கள் அடிப்பவள். பக்கத்து மேஜையில் ஸ்கேல் அக்கா. இருபத்திரண்டு வருடமாக வரைகிறார். டீ கப்பைக்கூட மேஜை விளிம்பிலிருந்து அளந்து வைத்தமாதிரிதான் வைப்பார். அவர் வரையும் மென்பொருள் ரொம்பப் பழசு, புதிதாக வந்த கம்ப்யூட்டரில் ஓட மறுத்தது. அதனால் ரீஸ்டார்ட் சார் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய சிஸ்டத்தை ஒரு பெட்டிபோலத் திறந்து ஓடவைத்தார். அன்று அவர் நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே!

பெட்டி திறந்தது உண்மை. ஆனால் அத்தனை பெரிய திரையின் நடுவில் அது உள்ளங்கை அகலத்துக்குத்தான் இருந்தது. சுற்றிலும் கறுப்பு. அக்கா சொன்னதும் சார் வந்து அதை இழுத்துத் திரை முழுக்கப் பரப்பினார். இப்போது பெரிதாக இருந்தது, மங்கலாகவும் இருந்தது. கோடுகள் பிசிறடித்தன. மூன்றும் எட்டும் அண்ணன் தம்பிபோலத் தெரிந்தன.

"கலங்கலா இருக்கு சார்."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"நாலு தடவை பண்ணிட்டேன்."

"அப்ப கண்ணைக் காட்டுங்க மேடம். எனக்கு நல்லாத்தான் தெரியுது."

அவருக்கு நன்றாகத்தான் தெரியும். அதில் ஒரு கோடு வரைந்தவரில்லையே. அக்கா பாவம், அதை நம்பினார். எட்டு மாதத்தில் மூன்று கண்ணாடி மாற்றினார். மூன்றாவதைப் போட்டுக்கொண்டு வந்த வாரம்தான், அக்கா வரைந்த ஒரு வீட்டுக்குக் கதவு செய்யும் தச்சர் ஃபோன் செய்தார்.

"குளியலறைக் கதவு எட்டடி அகலம்னு போட்டிருக்கீங்க. உள்ள குளிக்கப் போறது யானையா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் கீழ்த்தள அறைக்குப் போகச் சொன்னார். அவர் இடத்துக்கு வேறு ஆள் வருமாம். ரீஸ்டார்ட் சாரும் பக்கத்தில் நின்று, "வயசானா பார்வை அப்படித்தான் சார்" என்று எடுத்துக்கொடுத்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயைத் திறந்தேனா என்றால், இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி வரைபடத்தை முடிக்க அக்கா பெட்டியைத் திறந்தார். தினமும் வரும் மெசேஜ் வந்தது. மூடப்போன கை நின்றது. "போகப் போறவளுக்கு என்ன பயம்" என்று சொல்லிக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்துத் திரையில் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். உள்ளே ஓடும் சிஸ்டத்தின் படத்தைத் திரைக்குப் பொருத்தும் துணை மென்பொருள் போடப்படவில்லை, போட்டால் படம் முழுத் திரையில் தெளிவாகத் தெரியும், போடட்டுமா என்று அது கேட்டது. எட்டு மாதமாகத் தினமும் கேட்டிருக்கிறது. அக்கா லீவு போட்ட நாட்களில் அவர் கோப்புகளை எடுக்க அந்தப் பெட்டியைத் திறந்தவள் நான். அதே மெசேஜை நானும் மூடியிருக்கிறேன்.

அக்கா 'ஆமாம்' என்பதை அழுத்தினார். நான்கு நிமிடம் ஆனது. கடைசியில் அது ஒரே ஒரு ரீஸ்டார்ட் கேட்டது.

பெட்டி மறுபடி திறந்தபோது கறுப்பும் இல்லை, மங்கலும் இல்லை. முடி அளவுக் கோடும் துல்லியமாகத் தெரிந்தது. மூன்று மூன்றாக இருந்தது. அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மேனேஜரை நான்தான் ஓடிப்போய் அழைத்துவந்தேன். பின்னாலேயே ரீஸ்டார்ட் சாரும் வந்தார். திரையைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல மேடம், ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்னு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்து முதல் இரண்டு கண்ணாடிகளை எடுத்தார். முகத்தில் இருந்த மூன்றாவதையும் கழற்றினார். மூன்றையும் மேஜை விளிம்பிலிருந்து ஒரே அளவில் வரிசையாக வைத்தார்.

"இதுல எது உங்களுக்குச் சேருதுன்னு பாருங்க சார்" என்றார். "போட்டுக்கிட்டு, இனிமே வர்ற மெசேஜை நீங்களே படிங்க."