காலையில் மட்டும் படுத்துக்கொள்ளும் லேப்டாப்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் குணசுந்தரிதான். நாற்பத்திரண்டு வயது, பழைய ஸ்கூட்டி, முதுகில் பை, வாயில் வசவு. கோளாறு யாரால் வந்ததோ அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். கீபோர்டில் டீ கொட்டிய ஒரு வாத்தியாரையே, "மிஷின் நல்லாத்தான் கீது, உன் கைதான் சரியில்ல" என்று பிடிபிடியென்று பிடித்தவர். கோபித்துக்கொண்டு போன வாத்தியார் அடுத்த மாதமே திரும்பி வந்தார். வேறு எங்கே போவார்?

போன மாதம் காத்திவாக்கத்துச் செங்கொடி அழாத குறையாகப் போன் செய்தாள். வீட்டிலிருந்தே பார்க்கும் கால் சென்டர் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. சாயங்காலம் லேப்டாப்பை அணைக்காமல் மூடித் தூங்க வைப்பாள். காலையில் திறந்தால் நீலத் திரை. ஹார்ட் டிஸ்க், ஹெட்போன், கேமரா எல்லாம் மாட்டித்தான் இருக்கும். போராடி உள்ளே நுழைய அரை மணி நேரம் ஆகிவிடும். இன்னொரு நாள் லேட்டானால் வேலை கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஏற்கெனவே கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து கையை விரித்திருந்தார்கள். குணசுந்தரியும் பத்து முறை மூடித் திறந்தார். சனியன், பத்து முறையும் சமர்த்தாக எழுந்தது. நானாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவர் பையை மூலையில் வைத்தார்.

"நான் ஒண்ணும் தொடமாட்டேன். நீ எப்பவும் போல வேலைய முடி. நான் குந்திகினு பாக்கறேன்."

ஆறு மணிக்குச் செங்கொடி லேப்டாப்பை மூடிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அவளுடைய அப்பா வேலப்பன் துண்டோடு வந்தார். ஃபைபர் படகுக்காரர். எல்லா வயரையும் கழற்றி, முனைகளைத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றினார்.

"இன்னாண்ணா பண்றே?"

"கரைக்கு வந்தா படகு பேட்டரி வயரைக் கழட்டி வெப்போம்மா. உப்புக் காத்துல துருப்புடிச்சுடும்ல? இதுவும் அப்டித்தான். காலைல புள்ள எந்திரிக்கறதுக்குள்ள மாட்டிடுவேன்."

"இப்பவே மாட்டு, பாக்கலாம்."

மாட்டினார், கைக்கு வந்த ஓட்டையில். குணசுந்தரி திறந்தார். நீலத் திரை!

"அண்ணா, மூடி வெச்சா இது நிக்கல, தூங்குது. உள்ள மெதுவா ஓடிகினேதான் கீது. எதெது எங்க மாட்டி கீதுன்னு நெனப்புல வெச்சுகினு தூங்குது. தூங்கசொல்ல நீ புடுங்கி எடம் மாத்திட்டா, எந்திரிச்சதும் பேஜாராயிடாதா?"

வேலப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஓடற இன்ஜின்லயா வயரைப் புடுங்குனேன்? புள்ள வேலைக்கு நானே உலை வெச்சேனா? புள்ளகிட்ட சொல்லிடாதம்மா."

வாத்தியாரை விடாத வாய் அன்று வசவை விழுங்கிக்கொண்டது. அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வயர்களை அதனதன் இடத்தில் மாட்டி, "சொல்லமாட்டேன்ணா. இனிமே தொடாத, போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை ஒன்பதுக்குச் செங்கொடியின் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அக்கா, தொறந்த ஒடனே வந்துடுச்சு! இன்னாக்கா கோளாறு?"

வாழ்க்கையில் முதல் முறையாகக் குணசுந்தரி கோளாறைப் பற்றிப் பொய் சொன்னார். "உப்புக் காத்துதான், வேற ஒண்ணுமில்ல."

"அப்டியா! நைனா, கேட்டியா? படகு பேட்டரி மாதிரி இந்த வயரையும் தெனம் ராவுல கழட்டித் தொடச்சு வெச்சுடு நைனா."

குணசுந்தரி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் வேலப்பனின் குரல் கேட்டது.

"இத்தினி நாளா அதைத்தாம்மா செஞ்சிகினு இருந்தேன்."