முதல் வெட்டு

எங்கள் ஊரில் களப்பு என்கிற கடலோர ஏரி கடலோடு சேருகிற இடத்தை முகத்துவாரம் என்போம். வெயில் காலத்தில் கடல் அந்த வாயை மணல் போட்டு மூடிவிடும். மாரி பிறந்து களப்பு நிறைந்தால், தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் வயல்களுக்குள் ஏறும். அப்போது ஊர் கூடி மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். இலங்கைத்துறைப் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த வேலை. தெரியாதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இதில் முதல் வெட்டு, கடைசி வெட்டு என்று இரண்டு உண்டு. முதல் வெட்டு கடல் பக்கம். அங்கிருந்து வாய்க்கால் போல வெட்டிக்கொண்டு வந்து, களப்போரம் ஒரு சிறு வரம்பை மட்டும் விட்டு வைப்பார்கள். அந்த வரம்பை உடைப்பதுதான் கடைசி வெட்டு. உடைக்கிறவரின் இடுப்பில் கயிறு கட்டிக் கரையில் நின்று பிடித்திருப்பார்கள். தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடும்போது அவரை இழுத்தெடுத்து, தோளில் தூக்கிக் கோயிலடிக்குக் கொண்டுபோவார்கள். அந்த வெட்டுக்கு ஆண்பிள்ளைகள் நான் முந்தி நீ முந்தி என்று அடிபடுவார்கள்.

முதல் வெட்டுக்கு ஒருவரும் வர மாட்டார்கள். மூடின வாயை முதலில் தொட்டவர் வீட்டில் அந்த வருடம் ஒரு உயிர் போகும் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. பல வருடமாக அதை வெட்டியவர் பெண்சாதி பிள்ளை இல்லாத ஒரு கிழவர். "எனக்கென்ன, கொண்டுபோறதெண்டால் என்ரை பூனையைத்தான் கொண்டுபோக வேணும்" என்று சிரித்துக்கொண்டு மண்வெட்டியைப் போடுவார். அவர் ஒரு வெயில் காலத்தில், வயதாகி, பாயில் படுத்தபடியே போய்ச் சேர்ந்தார். அதற்கடுத்து வந்த மாரியில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. சுதந்திரம் கிடைத்துவிட்டது என்றாலும் திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் கப்பல்கள் இன்னும் நின்றன. அப்பா களப்பில் இறால் பிடிப்பவர். அம்மா அதை அவித்துக் காயவைத்து விற்பாள். அம்மா ஒன்றுக்கும் தலைவியில்லை. தலைவர்கள் வேறு ஆட்கள். மீன்பிடிகாரருக்கு அம்மாவின் தமையன், என் மாமா. வயல்காரருக்கு வட்டை விதானையார். வயலுக்குத் தண்ணீர் திறப்பதும் மறிப்பதும் அவர் சொல்லில்தான்.

அந்த மாரியில் தண்ணீர் வயலுக்குள் ஏறியதும் இரண்டு பகுதியும் மணல்மேட்டில் கூடிச் சண்டை பிடித்தார்கள். இப்போது வாயைத் திறந்தால் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும், இன்னும் இரண்டு கிழமை பொறுக்க வேண்டும் என்றார் மாமா. பயிர் தண்ணீருக்குள் நிற்கிறது, இரண்டு கிழமையில் அழுகின வைக்கோலைத்தான் அள்ளலாம் என்றார் விதானையார். மூன்று நாள் இதே கதை. விதானையார் மாமாவின் பரம்பரையையே இழுத்து ஏசினார். மாமாவும் வாய்க்குக் குறைந்தவர் இல்லை.

மூன்றாம் நாள் அம்மாவும் நானும் ஓரமாக நின்று கேட்டுவிட்டுத் திரும்பினோம். வழியில் அம்மா சொன்னாள்: "இவங்கள் இறாலைப் பற்றிக் கதைக்கேல்லை, மகள். முதல் வெட்டுக்குப் பயந்து நிக்கிறாங்கள். அதை வாய்விட்டுச் சொல்ல வெக்கம்."

எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர்கள் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் விடிய அம்மா வேளைக்கே சமைத்து மூடி வைத்தாள். குசினி மூலையில் நின்ற மண்வெட்டியை எடுத்தாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். மறிப்பார் என்று நினைத்தேன். அவர் எழும்பி வந்து, "பிடி ஆடுது, இஞ்சை தா" என்று வாங்கி, ஒரு ஆப்பை வைத்து இறுக்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். அப்பா மண்வெட்டியை மட்டுமா இறுக்கினார் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

அம்மா முதல் வெட்டுக்குத்தான் போகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் நான். உயிர் போவதென்றால் என்னுடையதுதான் போகும் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். வாசல் படலையடியில் அம்மாவின் சேலையைப் பிடித்து, என்னைக் கொண்டுபோனால் என்ன செய்வாய் என்று அழுதேன்.

அம்மா அவசரப்படவில்லை. குந்தியிருந்து என் மூக்கைத் துடைத்தாள். "எடுக்கிறதெண்டால் வெட்டினவளை எடுக்கட்டும். நேற்று விளக்கு வைக்கேக்கையே சாமியிட்டைச் சொல்லிப்போட்டன். உன்ரை பேர் அந்தக் கதையில் இல்லை" என்றாள்.

மணல்மேட்டில் நாலாம் நாள் சண்டைக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒருவரோடும் கதைக்கவில்லை. நடுவே நடந்து கடல் பக்கம் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகி, மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். அந்தச் சத்தத்தோடு முழுச் சண்டையும் நின்றது.

மாமா ஓடி வந்தார். "உனக்கு விசரோ? வீட்டிலை மூண்டு புள்ளை இருக்கு."

"ஓம் அண்ணை. வயல்காரருக்கும் புள்ளையள் இருக்கு."

"இறால் போயிடுமே. உன்ரை வீட்டுச் சோறும் அதுதானே."

"இறால் அடுத்த மாரிக்கும் வரும். அழுகின பயிர் எழும்புமோ?" அம்மா வெட்டிக்கொண்டே கேட்டாள். "அதை விடுங்கோ. கடைசி வெட்டுக்குக் கயிறு வேணுமெல்லோ, அது எங்கை கிடக்கு?"

வெட்ட வா என்று அவள் ஒருவரையும் கூப்பிடவில்லை. கயிறு எங்கே என்றுதான் கேட்டாள். மாமா கயிறு எடுக்கப் போனார். முதலில் பெண்கள் மணல் சுமக்க ஓலைக் கடகத்தோடு இறங்கினார்கள். பிறகு வயல்காரர், பிறகு மீன்பிடிகாரர். பயந்த வெட்டு முடிந்துவிட்டதே, இனி யாருக்கு என்ன? கடல் வற்றுகிற நேரத்துக்குள் முடித்தால்தான் தண்ணீர் வேகமாக இழுக்கும் என்று எல்லாரும் வேர்க்க வேர்க்க வெட்டினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது முன்னுக்கு அம்மாவைக் காணவில்லை. தேடினால், எல்லாருக்கும் பின்னால், பெண்களோடு பெண்ணாக மணல் சுமந்துகொண்டு நின்றாள்.

மத்தியானம் திரும்ப, களப்போர வரம்பு மட்டும் மிஞ்சியது. கடைசி வெட்டு யாருக்கு என்று மறுபடியும் முறுகல் தொடங்கியது. முதல் வெட்டு மீன்பிடிகார வீட்டுப் பெண் வெட்டினது, ஆகவே கடைசி வெட்டும் எங்களுக்குத்தான் என்றார்கள் எங்கள் ஆட்கள். மாமா இடுப்பில் கயிற்றைக்கூடச் சுற்றிவிட்டார். அப்போதுதான் அம்மா கடகத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"விதானையார் வெட்டட்டும். கயிற்றை அண்ணை பிடிக்கட்டும்."

விதானையாருக்கு முகம் மாறிவிட்டது. "என்ரை உயிரை இவன்ரை கையிலையோ குடுக்கச் சொல்லுறாய், தங்கச்சி?"

"மூண்டு நாளாய் ஏசின ஏச்சுக்கு அண்ணை கயிற்றை விட்டாலும் நியாயந்தான்" என்றாள் அம்மா.

முதலில் சிரித்தது மாமா. பிறகு விதானையார். பிறகு மணல்மேடு முழுக்கச் சிரிப்பு. மாமா கயிற்றை அவிழ்த்துத் தன் கையாலேயே விதானையாரின் இடுப்பில் கட்டினார்.

நாலாவது தரம் மண்வெட்டியைப் போட்டதும் வரம்பு உடைந்தது. தண்ணீர் முதலில் நூலாக ஓடி, பிறகு கரைகளைக் கடித்துக் கடித்து அகண்டு, ஒரு பெரிய உறுமலோடு கடலுக்குள் பாய்ந்தது. விதானையாரின் கால் மண்ணோடு வழுகியது. மாமா குதிகாலை மணலில் புதைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தெடுத்தார். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்தது. பொழுதுபடும்போது வாய் ஆறு மாதிரி அகண்டு, வயல்களில் பயிரின் நுனி வெளியே தெரிந்தது. இறால் போனது உண்மை. ஆனால் திறந்த வாய்க்கு வந்து கூடிய மீனை எங்கள் ஆட்கள் வலை வீசி அள்ளினார்கள்.

விதானையாரைத் தோளில் தூக்கிப் பறையடித்துக் கோயிலடிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம். நீ வெட்டினதுக்கு அவரையோ தூக்குகிறார்கள், வா போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "தூக்கினவங்களுக்குப் பசிக்குமெல்லோ" என்று துருவலை உள்ளங்கையால் கூட்டினாள்.

இரண்டு நாள் கழித்து அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு ஐயா ஜீப்பில் வந்தார். முகத்துவாரம் அகண்டு கிடந்ததால் அக்கரையில் நின்று கத்தினார். தோணியில் ஏற்றி வந்தோம். கந்தோரைக் கேளாமல் வெட்டியது குற்றம், யார் தொடங்கினது என்று கேட்டார். மாமா வாயைத் திறக்க முன்னம் அம்மா முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் ஐயா முதல் வெட்டு வெட்டினனான்."

ஐயா கடதாசியில் ஏதோ எழுதிக் கையெழுத்துக் கேட்டார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பெருவிரலில் மை தொட்டு வைத்தாள். கடதாசியை மடிக்கப் போன ஐயாவை விதானையார் மறித்தார். அவர் நன்றாகப் படித்தவர். கையெழுத்தை வளைத்து வளைத்துப் போடுவார். எழுதுகோலை நீட்டினார்கள், வேண்டாம் என்றார். தன் பெருவிரலை மையில் தொட்டு அம்மாவின் விரலுக்குப் பக்கத்தில் அழுத்தினார். அடுத்தது மாமா. பிறகு வயல்காரர், மீன்பிடிகாரர், கடகம் சுமந்த பெண்கள். எழுதத் தெரிந்தவர்களும் பெருவிரல்தான். கடதாசியில் இடமில்லாமல் பின்பக்கமும் வைத்தார்கள். இத்தனை விரலில் எது யாருடையது என்று ஐயாவுக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். அதோடு சரி.

அந்த வருடம் எங்கள் வீட்டில் போன உயிர் ஒரு கறுத்தக் கோழி. பார்த்தாயா, சொன்னது நடந்தது என்று அயலில் பேசினார்கள். "கோழியோடை விட்டுதே, லேசாப் போச்சு" என்றாள் அம்மா. அறுவடை முடிந்ததும் விதானையார் புது நெல்லில் குத்திய புதிர் அரிசியை அவரே தலையில் சுமந்து வந்தார். அம்மா அதைப் பெரிய பானையில் பொங்கி, வெட்டின எல்லாருக்கும் போட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் நான் மாதர் சங்கத் தலைவி. ஒரு மாரியில் ஆண்கள் மறுபடியும் மணல்மேட்டில் நின்று இறாலைப் பற்றிக் கதைத்தார்கள். கண் சரியாகத் தெரியாத அம்மா கதிரையில் இருந்தபடி, மண்வெட்டிப் பிடி ஆடுகிறதா என்று மட்டும் கேட்டாள். இறுக்கிவிட்டேன் என்றேன். போய் வெட்டினேன். வாய் திறந்தது. கந்தோர் ஆட்களும் வந்தார்கள், கடதாசியும் வந்தது.

அதிகம் படிக்காவிட்டாலும் எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். பாலர் வகுப்பிலேயே அழகாக எழுதுவேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அந்தக் கடதாசியில் மட்டும் நான் பெருவிரல்தான் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது, மைப் பெட்டிக்கு முன்னால் ஊர் வரிசையில் நின்றது.