மணல் சரியாக உள்ளது

ஸ்கேன் அறையில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவளுக்கு, திரையில் ஒரு படம் விழுந்ததும் இன்றைக்கும் மணல் டாக்டரின் ஞாபகம்தான் வரும்.

அந்தப் பெயரை வைத்தவளே இவள்தான். படம் பார்த்து அறிக்கை எழுதும் அவருக்கு, மணல் தூவியது போலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் முகம் அஷ்டகோணலாகிவிடும்.

புதுக் கணக்குமுறை வந்த வருடம் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அதில் கணினி முதலில் ஒரு படத்தை உத்தேசமாகப் போடும், உடம்பைக் கடந்து வந்த கதிரோடு ஒப்பிடும், பிசகிய இடத்தைத் திருத்தும், மறுபடி ஒப்பிடும். இப்படித் திருத்தித் திருத்தி வரும் படத்தில் மணல் துடைத்துவிட்டாற்போல் போயிருக்கும்.

"மெழுகு பொம்மை மாதிரி இருக்கு. மணலோட சேர்த்து நோயையும் வழிச்சுப் போட்டுட்டா யாரு பதில் சொல்றது?" என்று திருப்பி அனுப்புவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்ததுதான் இவளுக்குக் கூடுதல் எரிச்சல்.

இவளுடைய கவலை வேறு. தலைக்குள் நீர் வடியக் குழாய் வைத்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து படுப்பாள். பழைய முறையில் படம் தெளிய வேண்டுமானால் கதிரைத் தாராளமாக விட வேண்டும். வளர்கிற தலைக்குள் இத்தனை கதிரா என்று ஒவ்வொரு தடவையும் இவளுக்குத் தோன்றும். "அத்தை, நான் ஆடவே இல்லல்ல?" என்று கேட்டபடி அவள் இறங்கும்போது, இவளால் முகம் கொடுத்துப் பேச முடியாது.

ஒரு நாள் காலை, இயந்திரத்தைச் சோதிக்கும் தண்ணீர் உருளையை மேசையில் வைத்தபோது பொறி தட்டியது. மணல்தானே வேண்டும் மனுஷனுக்கு? கதிரைக் குறைத்தால் மணல் கூடும். கூடியதைப் புதுக் கணக்கு பழைய அளவுக்கு இறக்கிவிடும். மணலும் இருக்கும், கதிரும் பாதியாகும்.

நுணுக்கம் எதுவும் அழிகிறதா என்று பார்க்க, மெல்லிய கம்பிகள் பதித்த உருளையை இரண்டு விதமாகவும் படம் எடுத்து, எது எதுவென்று சொல்லாமல் அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல எது டாக்டர் பழைய முறை?"

கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். இரண்டிலும் ஒன்றுகூடக் குறையவில்லை. கடைசியில் ஒரு படத்தைத் தொட்டு, "இதுதான். மணலைப் பாரு" என்றார்.

"அது பாதிக் கதிர்ல எடுத்தது டாக்டர். புதுக் கணக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கத்தப்போகிறார் என்று நின்றாள்.

"அந்தக் குழாய் வச்ச பொண்ணு எப்ப வருது?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை சிறுமிக்குப் பாதிக் கதிர்தான். அறிக்கையின் அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "மணல் சரியாக உள்ளது." மருத்துவத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. இவளுக்குச் சிரித்து மாளவில்லை. அதையும் சேர்த்துச் சிறுமிக்கு மொத்தம் பதினோரு தடவை அதே வரியை எழுதினார்.

பன்னிரண்டாவது தடவைக்கு அவர் இல்லை. இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வேறொரு டாக்டர் அறிக்கை எழுதினார், சுத்தமாக, பிழையில்லாமல்.

சிறுமியின் அம்மா அதை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அக்கா, கடைசியில மணலைப் பத்தி ஒண்ணும் போடலையே. பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

அந்தத் தாய் இத்தனை நாளும் அறிக்கையில் தேடிப் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு. மணலைப் பத்தி எழுதறவர்தான் இல்ல."